ஒரு மாதம் நிலாவைப் பார்த்து வரைய வேண்டுமா? முதல் நாளுக்கு முன்பே இதைப் படித்துவிடுங்கள்

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பில் பிள்ளை இருக்கும் வீடுகளுக்கு இந்த வேலை என்றாவது ஒருநாள் வந்தே தீரும். "ஒரு மாதம் தினமும் நிலாவைக் கவனித்து வரைக. அதன் வடிவம் ஏன் மாறுகிறது என்று விளக்குக." தாளில் இரண்டே வரிதான். முதல் வாரம் ஜாலியாகப் போகும். பௌர்ணமி தாண்டியதும் சிக்கல் ஆரம்பிக்கும். ஏழு மணிக்கு மாடிக்குப் போனால் நிலா இல்லை. எட்டரைக்கும் இல்லை. பிள்ளை சாப்பிட்டுத் தூங்கிவிடும். பாதி நோட்டு காலியாகவே கிடக்கும், கடைசி ராத்திரி இணையத்தில் படம் பார்த்து மொத்தமாக வரைந்து ஒப்பேற்றுவார்கள். என் மகளோடு சேர்ந்து இதில் நன்றாக அல்லாடிய பிறகுதான் எதை முதலிலேயே தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று புரிந்தது. அதை அப்படியே இங்கே எழுதிவைக்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நிலாவின் வடிவம், அது வானில் வந்து போகும் நேரம் இரண்டும் ஒரே கணக்குதான். சூரியனின் பக்கம் திரும்பிய பாதி நிலாவில் எப்போதும் வெயில் அடித்துக்கொண்டே இருக்கிறது. அந்த வெயில் பாதியில் எவ்வளவு நம் பக்கம் தெரிகிறது என்பதுதான் வடிவம். நம் வானில் சூரியனிலிருந்து நிலா எத்தனை டிகிரி தள்ளி நிற்கிறது என்று பார்த்தால் அது தெரிந்துவிடும். எத்தனை டிகிரி தள்ளி நிற்கிறதோ, அதற்கேற்றபடி உதிப்பதும் மறைவதும் சூரியனுக்குப் பிந்தும். இது புரிந்துவிட்டால் நிலாவைத் தேடி அலைய வேண்டியதில்லை.

1. தொடங்கும் நாளை நீங்களே முடிவு செய்யுங்கள்

பள்ளியில் "திங்கள்கிழமையிலிருந்து தொடங்குங்கள்" என்று சொல்லியிருக்கலாம். அந்தத் திங்கள் தேய்பிறை தசமியாக இருந்தால் முதல் நாளே பின்னிரவு இரண்டு மணிக்கு எழ வேண்டியிருக்கும். ஆசிரியரிடம் பேசி, அமாவாசை முடிந்து மூன்றாம் பிறை தெரியும் மாலையிலிருந்து தொடங்க அனுமதி வாங்குங்கள். காரணத்தைச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

மாதமும் முக்கியம். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தவிர்த்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் வாரக்கணக்கில் வானமே தெரியாது. ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம்.

உதாரணத்துக்கு 2027 பிப்ரவரியை எடுத்துக்கொள்வோம். பிப்ரவரி 6 இரவு அமாவாசை. 7-ஆம் தேதி மாலை பிறை மிக மெல்லியதாக, சூரியனுக்குப் பக்கத்திலேயே இருக்கும். கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம். 8-ஆம் தேதி மாலை தெளிவாகத் தெரியும். ரமலான் பிறையையும் அந்த ஓரிரு நாளில்தான் பார்ப்பார்கள் என்பதால் பக்கத்து மொட்டை மாடிகளிலும் ஆள் இருக்கும். 14-ஆம் தேதி அரை நிலா. 20-ஆம் தேதி மாலை உதிப்பது முழுநிலா. 28-ஆம் தேதி மறுபடியும் அரை நிலா, ஆனால் இந்த முறை அதிகாலையில். மார்ச் 8 அடுத்த அமாவாசை. நோட்டை ஒப்படைக்கும் தேதியை மார்ச் 10-க்குப் பிறகு கேட்டு வாங்குங்கள். அமாவாசையிலிருந்து அமாவாசைக்கு ஏறத்தாழ 29 நாள் 12 மணி 44 நிமிடம். "28 நாள்" என்று அச்சிட்ட தாளை நம்பினால் கடைசிப் பக்கம் இடிக்கும்.

2. கையில் இருக்க வேண்டிய தாள்: தினசரி காலண்டர்

செயலியைத் தேடும் முன் சுவரைப் பாருங்கள். தினமும் கிழிக்கும் காலண்டரில் திதி போட்டிருக்கும். நல்ல நாள் பார்ப்பதற்கு மட்டும்தான் அது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது நமக்குத் தேவையான கோணம்.

சூரியனை விட்டு நிலா 12 டிகிரி விலகினால் ஒரு திதி முடிகிறது. 0 முதல் 12 வரை பிரதமை, 12 முதல் 24 வரை துவிதியை, இப்படியே 180 டிகிரியில் பௌர்ணமி முடியும். பிறகு தேய்பிறைப் பிரதமையில் தொடங்கி 360-இல் அமாவாசை முடியும். மொத்தம் 30 திதி. சரியாக அரை நிலா என்பது 90 டிகிரி. அது 84-க்கும் 96-க்கும் நடுவே வருவதால் அரை நிலா எப்போதும் அஷ்டமியில்தான் விழும், வளர்பிறையானாலும் தேய்பிறையானாலும். பிள்ளைக்கு இதைச் சொல்லி, அடுத்த அஷ்டமியன்று மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். புத்தகத்தில் படித்தது அப்போதுதான் மண்டையில் ஏறும்.

காலண்டரைப் படிப்பதில் மூன்று இடத்தில் வழுக்கும்.

முதலாவது, தாளில் பெரிதாகப் போட்டிருக்கும் திதி காலையில் இருப்பது. "காலை 9.14 வரை பஞ்சமி, பின் சஷ்டி" என்று இருந்தால், மாலையில் நீங்கள் பார்ப்பது சஷ்டி நிலா. நோட்டில் அதைத்தான் எழுத வேண்டும். சில காலண்டர்களில் நேரம் நாழிகையில் இருக்கும். ஒரு நாழிகைக்கு 24 நிமிடம், சூரிய உதயத்திலிருந்து எண்ண வேண்டும்.

இரண்டாவது, வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் திதி முடியும் நேரத்தில் சில மணி நேரம் வேறுபடும். வானத்தோடு ஒத்துப்பார்க்கத் திருக்கணிதம்தான் சரி. இப்போதைய கோள் கணக்குகளை வைத்துப் போடுவது அது. கோயிலுக்கு எதைப் பின்பற்றுகிறீர்களோ அது உங்கள் வீட்டு வழக்கம், அதில் நான் தலையிடவில்லை.

மூன்றாவது, திதிக்கு நிலையான நீளம் கிடையாது. நிலா நமக்கு அருகில் வரும்போது வேகமாகவும் தொலைவில் போகும்போது மெதுவாகவும் நகர்வதால், ஒரு திதி சுமார் 20 மணி நேரத்திலும் முடியலாம், 26 மணி நேரத்துக்கு மேலும் இழுக்கலாம். அதனால் சில சமயம் ஒரு திதி காலண்டரில் காணாமல் போகும், அல்லது இரண்டு நாள் நீடிக்கும். அச்சுப் பிழை என்று நினைத்து நோட்டில் திருத்தாதீர்கள்.

"மூன்றாம் பிறை" என்ற பெயரிலும் கவனம் வேண்டும். அமாவாசையையும் ஒன்று என்று சேர்த்து எண்ணுவது அது. அன்று மாலை திதி பெரும்பாலும் துவிதியையாகத்தான் இருக்கும்.

3. எத்தனை மணிக்கு மாடி ஏறுவது: 48 நிமிடக் கணக்கு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்தை 30 திதியால் வகுத்தால் 48 நிமிடம். ஒரு திதிக்கு நிலா அவ்வளவு பிந்துகிறது.

வளர்பிறையில்: திதி எண்ணை 48 நிமிடத்தால் பெருக்குங்கள். சூரியன் மறைந்த பிறகு அவ்வளவு நேரம் நிலா மேற்கில் இருக்கும். துவிதியை என்றால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். பிப்ரவரியில் சூரியன் மறைவது ஆறேகால் வாக்கில், எனவே ஏழரைக்குள் பார்த்து முடித்துவிட வேண்டும். ஆறாவது திதியான சஷ்டி என்றால் பதினொரு மணி வரை நேரம் இருக்கிறது.

தேய்பிறையில்: அதே பெருக்கல்தான், ஆனால் விடை நிலா உதிக்கும் நேரம். சூரியன் மறைந்து அவ்வளவு நேரம் கழித்துக் கிழக்கில் வரும். சங்கடஹர சதுர்த்தி விரதம் இருப்பவர்களைக் கேட்டுப்பாருங்கள், நிலாவைப் பார்த்துவிட்டுச் சாப்பிட ஒன்பது, ஒன்பதரை ஆகும் என்பார்கள். தேய்பிறைச் சதுர்த்தி, 4 × 48 = 192 நிமிடம், அதாவது மூன்று மணி பன்னிரண்டு நிமிடம். ஆறேகாலோடு கூட்டினால் ஒன்பதரை. கணக்கு சரியாக வந்து நிற்கிறது பாருங்கள்.

நிமிடம் பிசகாமல் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அரை மணி, சில நாள் முக்கால் மணி முன்னே பின்னே போகும். கிழக்கில் அடுக்குமாடிக் கட்டடமோ தென்னந்தோப்போ மறைத்தால் இன்னொரு அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள். துல்லியமான நேரம் வேண்டுமென்றால் ஸ்டெல்லேரியம் போன்ற மென்பொருளில் உங்கள் ஊரைக் கொடுத்துப் பார்க்கலாம், கணினிக்கான பதிப்பு இலவசம். ஊரைக் கொடுக்க மறந்தால் வேறெந்த நாட்டு வானத்தையோ காட்டிவிடும்.

4. செலவு

நூறு ரூபாய்க்குள் முடியும். கோடு போடாத நோட்டு ஒன்று, பென்சில், ஒரு தெர்மாகோல் பந்து, ஒரு எலுமிச்சம்பழம். மீதி வீட்டிலேயே இருக்கும்.

தொலைநோக்கி வாங்கத் தோன்றும். வேண்டாம். பொம்மைக் கடையிலும் இணையத்திலும் இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைப்பவற்றின் தாங்கி ஆடிக்கொண்டே இருக்கும், நிலாவைக் குறிபார்ப்பதற்குள் பிள்ளைக்கு அலுத்துவிடும். யாரிடமாவது பைனாகுலர் இருந்தால் இரவல் வாங்குங்கள். 7×50 அல்லது 10×50 போதும், கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பார்த்தால் பள்ளங்களே தெரியும்.

ஒரு எச்சரிக்கை: பிறை பார்க்கும்போது சூரியன் முழுவதும் மறைந்த பிறகே பைனாகுலரைக் கையில் எடுக்க வேண்டும். விடியற்காலையில் சூரியன் எழுவதற்கு முன்பே உள்ளே வைத்துவிட வேண்டும். பைனாகுலர் வழியாக ஒரு கணம் சூரியன் பட்டாலே கண் போய்விடும். பிள்ளைகளைத் தனியாக விடாதீர்கள்.

5. நோட்டில் என்ன எழுதுவது

பழைய ஐந்து ரூபாய் நாணயத்தையோ பாட்டில் மூடியையோ வைத்து, பக்கத்துக்கு நான்கு வட்டம் என்று முன்கூட்டியே போட்டுவிடுங்கள். இருட்டான பகுதியைப் பென்சிலால் தீட்டி, ஒளிப்பகுதியைக் காலியாக விடுவது எளிது. வட்டத்துக்குக் கீழே தேதி, மணி, திதி, திசை, உயரம், வானநிலை.

உயரத்தை முஷ்டியால் அளக்கலாம். கையை முழுக்க நீட்டி மூடிய முஷ்டியின் அகலம் கிட்டத்தட்ட 10 டிகிரி. பிள்ளையின் கை சிறியது, முஷ்டியும் சிறியது, அதனால் அளவு அவர்களுக்கும் ஏறத்தாழ அதேதான் வரும். தொடுவானத்திலிருந்து முஷ்டி மேல் முஷ்டியாக அடுக்கிக்கொண்டு போக வேண்டும். வளர்பிறையில் தினமும் ஒரே மணிக்குப் பார்த்தால் நிலா நேற்றைய இடத்திலிருந்து ஒரு முஷ்டியும் கொஞ்சமும் கிழக்கே தள்ளியிருக்கும். இதை ஒரு பக்கத்தில் வரைபடமாகவே போடலாம்: மேற்கில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி, செல்போன் கோபுரம் எல்லாவற்றையும் கீழே வரைந்து, அவற்றுக்கு மேலே ஏழெட்டு நாள் நிலாவையும் வரிசையாக. ஆசிரியர்களுக்கு மிகவும் பிடிக்கும் பக்கம் அது.

இனி பெரிய பொறி. பாட அட்டைகளில் "வலது பக்கம் ஒளி என்றால் வளர்பிறை, இடது பக்கம் ஒளி என்றால் தேய்பிறை" என்று இருக்கும். ஐரோப்பா போல வடக்கே தள்ளியிருக்கும் நாடுகளுக்கு அது பொருந்தும். நாம் பூமத்தியரேகைக்கு அருகில் இருக்கிறோம். சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால் மாலைப் பிறைக்கு ஒளி வலத்திலும் இல்லை, இடத்திலும் இல்லை, கீழே இருக்கிறது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கிட்டத்தட்ட ஓடம் மிதப்பதுபோல் மல்லாந்து கிடக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் நன்றாகச் சாய்ந்திருக்கும். என் மகள் கண்ணால் பார்த்து ஒழுங்காக வரைந்ததை, அட்டைப் படத்தோடு ஒத்துப்போகவில்லை என்று அழித்துவிட்டு நிமிர்த்தி வரையப் போனாள். தடுத்து நிறுத்தினேன். பார்த்ததைத்தான் வரைய வேண்டும்.

அதனால் நோட்டில் வலது, இடது என்று எழுதவே வேண்டாம். "ஒளி சூரியன் இருக்கும் பக்கம்" என்று எழுதுங்கள். வளர்பிறையில் அது மேற்கு, தேய்பிறையில் கிழக்கு. உலகின் எந்த ஊரிலும் இது தவறாது.

சாய்வைப் பற்றி இன்னொன்று. கிழக்கில் உதிக்கும்போது இருந்த நிலாவின் முகம், மேற்கில் மறையும்போது பெரும்பாலும் தலைகீழாகியிருக்கும். நிலா அங்கே உருண்டுவிடவில்லை. கிழக்கே பார்த்து நிற்கும்போது வடக்கு உங்கள் இடக்கைப் பக்கம், மேற்கே திரும்பினால் வலக்கைப் பக்கம், அவ்வளவுதான். கரும்புள்ளிகளும் பாட்டியும் முயலும் மாதம் முழுக்க அதே இடத்தில்தான் இருக்கிறார்கள். பூமியைச் சுற்றும் அதே நேரத்தில் நிலா தன்னையும் ஒரு முறை சுற்றிக்கொள்வதால் எப்போதும் ஒரே முகம்தான் நம் பக்கம்.

6. எலுமிச்சம்பழச் சோதனை

"பூமியின் நிழல் விழுவதால்தான் நிலா தேய்கிறது." பெரியவர்களில் எத்தனை பேர் இப்படி நம்புகிறார்கள் என்று உங்கள் வீட்டிலேயே கேட்டுப்பாருங்கள். வாயால் எவ்வளவு மறுத்தாலும் இது போகாது. போக்குவதற்கு ஒரு மாலை நேரமும் ஒரு எலுமிச்சம்பழமும் போதும்.

வளர்பிறை அஷ்டமி, நவமி, தசமி ஆகிய மூன்று நாட்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மாலை நான்கு, நாலரைக்கு மொட்டை மாடிக்குப் போங்கள். மேற்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும், கிழக்கே நீல வானத்தில் நிலா வெளுத்துத் தெரியும். பகலில் நிலாவா என்று பிள்ளை கேட்டால், அதுவே ஒரு நாள் பாடம். எலுமிச்சம்பழத்தை இரு விரலால் காம்புப் பக்கமும் நுனிப் பக்கமும் பிடித்துக்கொண்டு, கையை நீட்டி, நிலாவுக்குப் பக்கத்தில் வருமாறு தூக்குங்கள். பழத்தின் மேல் நேரடி வெயில் பட வேண்டும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் பாருங்கள்.

பழத்தில் வெயில் படும் பகுதியின் வடிவமும் நிலாவின் வடிவமும் ஒன்றே. அரைக்குச் சற்றுக் கூடுதலாக, அதே சாய்வில். பழத்தின் மேல் பூமியின் நிழலா விழுந்திருக்கிறது? வெயில் படாத பக்கம் இருட்டாக இருக்கிறது, அவ்வளவுதான். நிலாவிலும் அதேதான். சூரியனும் நிலாவும் ஒரே நேரத்தில் வானில் இருக்க, காலடியில் இருக்கும் பூமியின் நிழல் எப்படி அங்கே போய் விழும் என்று நீங்கள் கேட்பதற்கு முன் பிள்ளையே கேட்டுவிடும்.

பழத்தைக் கீழே வைத்துவிடாதீர்கள், கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து தோலைக் கவனியுங்கள். நேர் வெயில் படும் இடத்தில் தோல் வழவழவென்று தெரியும். ஒளியும் நிழலும் சேரும் ஓரத்தில் மட்டும் ஒவ்வொரு சின்னக் குழியும் நிழலோடு எழுந்து நிற்கும். நிலாவில் பள்ளங்களைப் பார்க்கப் பௌர்ணமி மோசமான நாள், அஷ்டமி நல்ல நாள் என்று சொல்வது இதனால்தான். அன்று ராத்திரி பைனாகுலரை அந்த ஓரத்தின் மேல் வைத்துப் பாருங்கள்.

7. இருட்டறைச் சோதனை

இது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, அதனால் சுருக்கமாக. அறையில் ஒரே ஒரு குண்டு பல்பு, தலை உயரத்தில். பல்பு சூரியன், உங்கள் தலை பூமி, பந்து நிலா. டியூப்லைட் சரிவராது. தெர்மாகோல் பந்தைப் பென்சிலில் குத்தி, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே மெதுவாக இடப்பக்கம் சுற்ற வேண்டும். பல்பைப் பார்த்து நிற்கும்போது பந்து இருட்டு: அமாவாசை. கால் சுற்றில் அரை நிலா. பல்புக்கு முதுகு காட்டும்போது பௌர்ணமி.

பௌர்ணமியில் உங்கள் தலையின் நிழல் பந்தின் மேல் விழும். பந்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தால் விலகிவிடும். "கொஞ்சம் உயர்த்திப் பிடி" என்று புத்தகங்கள் சொல்லிவிட்டுப் போய்விடுகின்றன, ஏன் என்று சொல்வதில்லை. அடுத்த பகுதியே அதற்குத்தான்.

8. மாதம் ஒரு கிரகணம் ஏன் வருவதில்லை

ஆசிரியர் கண்டிப்பாகக் கேட்கும் கேள்வி. பாடநூல் படத்தை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் அந்தப் படத்தில் பூமியும் நிலாவும் ஒட்டி உரசிக்கொண்டிருக்கும். உண்மை அளவில் ஒருமுறை வைத்துப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு ஆயிரம் கிலோமீட்டர் என்று கொள்வோம். பூமி 12.7 சென்டிமீட்டர், ஒரு சிறிய தேங்காய் அளவு. நிலா 3.5 சென்டிமீட்டர், டேபிள் டென்னிஸ் பந்தைவிடக் கொஞ்சம் சிறியது. இடைவெளி 3.84 மீட்டர், கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. சூரியனை வைக்க வேண்டுமென்றால் ஒன்றரைக் கிலோமீட்டர் போக வேண்டும்.

அவ்வளவு தூரத்தில் பூமியின் கரு நிழல், அதாவது வெயில் நேராகப் படவே படாத நடு நிழல், 9 சென்டிமீட்டர் அகலம்தான். நிலாவின் பாதையோ, பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்கு 5 டிகிரி சாய்ந்திருக்கிறது. 3.84 மீட்டரில் 5 டிகிரி என்றால் 34 சென்டிமீட்டர் வரை மேலேயோ கீழேயோ போகும். 9 சென்டிமீட்டர் நிழலை 34 சென்டிமீட்டர் ஏறி இறங்கும் பந்து எளிதில் தவறவிட்டுவிடும். அந்த இரண்டு தளமும் வெட்டிக்கொள்ளும் இடத்துக்கு அருகே பௌர்ணமி விழுந்தால்தான் சந்திர கிரகணம்.

தமிழ்நாட்டிலிருந்து வசதியாகப் பார்க்கக்கூடிய முழுச் சந்திர கிரகணம் ஒன்று 2028 டிசம்பர் 31 இரவு பத்து மணி வாக்கில் வருகிறது. நிழல் என்றால் எப்படி இருக்கும், தேய்தல் என்றால் எப்படி இருக்கும் என்று அன்று பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். கிரகணத்தில் எல்லாம் சில மணி நேரத்தில் முடிந்துவிடும், நிலா செம்பு நிறமாகும். மேலே சொன்ன 2027 பிப்ரவரிப் பௌர்ணமி இரவு முடியும் விடியற்காலையிலும் (21-ஆம் தேதி) ஒரு கிரகணம் உண்டு, ஆனால் அது வெறும் புறநிழல், அதாவது கரு நிழலைச் சுற்றியுள்ள மங்கலான நிழல் மட்டும் படுவது. கண்ணுக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியாது. செய்தியைப் பார்த்துவிட்டு நோட்டில் கறுப்பு வட்டம் போட வேண்டாம்.

9. தேய்பிறையைச் சமாளிப்பது

பிள்ளையை நடுராத்திரியில் எழுப்ப வேண்டாம். தேய்பிறை நிலா பின்னிரவில் உதித்தால் காலையிலும் வானில் இருக்கும். பௌர்ணமிக்கு அடுத்த மூன்று நாள் மட்டும் இரவு ஒன்பதுக்குள் பார்த்துவிடலாம். அதன் பிறகு நேரத்தை அப்படியே காலை ஆறு மணிக்கு மாற்றிவிடுங்கள். அப்போது நிலா மேற்கில் தெரியும். தேய்பிறை அஷ்டமியன்று விடியலில் தலைக்கு மேலே நிற்கும். பள்ளிப் பேருந்துக்குக் காத்திருக்கும்போதுகூட ஏழரைக்கு வரையலாம். தசமிக்கு மேல் கிழக்கில் தேட வேண்டும். அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு வரை, ஐந்தேகால், ஐந்தரைக்கு எழுந்தால் மெல்லிய பிறை கிடைக்கும்.

மெல்லிய பிறை தெரியும் நாட்களில், மாலையானாலும் விடியலானாலும், இருட்டான பாகமும் சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரிகிறதா என்று பார்த்து எழுதுங்கள். பூமியின் மேல் பட்ட வெயில் திரும்பி நிலாவுக்குப் போய், அங்கிருந்து மறுபடி நம் கண்ணுக்கு வருகிறது. பூமியின் நிழல்தான் நிலாவைத் தேய்க்கிறது என்பவர்களிடம் இதையும் காட்டலாம்: அந்தப் பகுதிக்கு நாம் இருட்டைக் கொடுக்கவில்லை, வெளிச்சம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

10. ஒப்படைக்கும் முன்

மேகம் மூடிய நாட்களில் வட்டத்தைக் காலியாக விட்டு "மேகம்" என்று எழுதுங்கள். மறுநாள் பார்த்து, நடுவில் எப்படி இருந்திருக்கும் என்று புள்ளிக்கோட்டில் ஊகமாக வரையலாம். எந்தக் காலி வட்டமும் இல்லாத முப்பது நாள் நோட்டைப் பார்த்தால் ஆசிரியருக்குச் சந்தேகம்தான் வரும்.

செல்போன் படம் ஒட்டுவதானால், திரையில் நிலாவைத் தொட்டு வெளிச்சத்தை நன்றாகக் குறைத்த பிறகு எடுங்கள். இல்லாவிட்டால் பிறைகூட வெள்ளை உருண்டையாகத்தான் விழும். உதிக்கும்போது நிலா பெரிதாகத் தெரிவதையும் கேமரா காட்டிக்கொடுத்துவிடும், ஏனென்றால் அது கண்ணின் மயக்கம். கையை நீட்டிச் சுண்டுவிரலால் மறைத்துப் பாருங்கள், பத்து மணிக்கு நன்றாக உயரத்தில் இருக்கும்போதும் அதே விரல் அதேபோல் மறைக்கும். மாதத்துக்குள் நிலாவின் தூரம் ஏறத்தாழ 3,57,000 முதல் 4,06,000 கிலோமீட்டர் வரை மாறுவதால் அளவில் உண்மையாகவே கொஞ்சம் வித்தியாசம் உண்டு. ஆனால் ஒரே இரவில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு அது மாறாது.

பௌர்ணமி என்றைக்கு என்பதையும் கண்ணை நம்பி எழுத வேண்டாம். சதுர்த்தசியன்றே 96 சதவீதத்துக்கு மேல் ஒளிர்ந்துவிடுவதால் மூன்று நாள் முழு நிலாபோலவே இருக்கும். சூரியன் மறையும் முன்பே நிலா வந்துவிட்டால் பௌர்ணமி இன்னும் முடியவில்லை. நன்றாக இருட்டிய பிறகு வந்தால் முடிந்துவிட்டது.

அப்புறம் வாய்மொழிக் கேள்விகள். இரண்டுக்குத் தயார் செய்தால் போதும். ஒன்று கிரகணம், அதைப் பார்த்தாயிற்று. மற்றது: நிலா பூமியைச் சுற்ற 27.3 நாள் என்று பாடத்தில் இருக்கிறதே, உன் நோட்டில் ஏன் 29.5? இதற்கும் காலண்டர் தாளே சாட்சி. அதில் திதிக்குப் பக்கத்தில் நட்சத்திரமும் இருக்கும். ரோகிணி தொடங்கி மறுபடி ரோகிணி வர 27 நாள் சொச்சம், அது நட்சத்திரங்களுக்கு நடுவே நிலா ஒரு சுற்று வந்ததைக் காட்டுகிறது. அதற்குள் பூமி சூரியனைச் சுற்றி ஏறத்தாழ 27 டிகிரி நகர்ந்துவிடுகிறது, அதனால் சூரியனும் நம் பார்வைக்கு அவ்வளவு தள்ளிப் போயிருக்கும். அதை எட்டிப்பிடிக்க நிலாவுக்கு இன்னும் இரண்டு நாளுக்குச் சற்று மேல் ஆகிறது. அமாவாசை முதல் அமாவாசை வரை கிழித்த தாள்களைக் குப்பையில் போடாமல் சேர்த்துவைத்து, நோட்டின் பின்னால் தைத்துக் கொடுத்துவிடுங்கள். பிள்ளை வாயால் சொல்லத் தடுமாறினாலும் திதியையும் நட்சத்திரத்தையும் விரல் வைத்துக் காட்டிவிடும்.